பெயர் இல்லாத நிறம் கண்ணுக்குத் தெரியுமா?

போன இதழில் நிறங்களைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன: கண் பார்ப்பதில் மொழிக்கும், மனசுக்குள் இருக்கும் வகைகளுக்கும் பங்கு உண்டா? உளவியல் செய்முறை வகுப்புகளில் மாணவர்களோடு சேர்ந்து வருடக்கணக்காக நான் மல்லுக்கட்டிய கேள்வி இது. அதனால் இந்த இதழில் வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. ஆப்பிரிக்காவில் ஹிம்பா என்ற மக்களின் மொழியில் நீலத்துக்குத் தனிச் சொல் கிடையாதாம். வட்டமாக அடுக்கிய பச்சைக் கட்டங்களில் ஒன்று மட்டும் நீலம். நமக்குப் பளிச்சென்று தெரிகிறது. அவர்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்கிறார்கள். சொல் இல்லாவிட்டால் நிறமே தெரியாதா?

தெரியும். நன்றாகவே தெரியும். ஒளியைத் தரம் பிரித்து நிறமாக அறியும் வேலை விழித்திரையில் இருக்கும் மூன்று வகைக் கூம்பு செல்களில் தொடங்குகிறது. அவை எந்த மொழியையும் படித்துவிட்டு வருவதில்லை. நமீபியாவின் வடக்கே வாழும் ஹிம்பா மக்களுக்கும் உங்களுக்கும் எனக்கும் அவை ஒன்றுதான்.

நீங்கள் பார்த்தது 2011இல் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில் வருகிற காட்சி. படத்துக்காக நடத்திக் காட்டிய விளக்கம் அது. ஹிம்பா மக்களுக்கு அந்த நீலக் கட்டம் தெரியவில்லை என்று ஆய்விதழில் யாரும் எழுதவில்லை. அவர்களிடம் உண்மையிலேயே ஆய்வு நடத்திய டெபி ராபர்சன், ஜூல்ஸ் டேவிடாஃப் போன்றவர்கள் கண்டது இதைவிட அடக்கமான விஷயம். எனக்கு அதுதான் சுவையாகவும் இருக்கிறது.

அது எப்படிப்பட்டது என்று காட்ட, இதே குழுவினர் பாப்புவா நியூ கினியில் பெரின்மோ மொழி பேசுகிறவர்களிடம் நடத்திய ஆய்வைச் சொல்கிறேன், முடிவுகள் 2000இல் வெளிவந்தன. அந்த மொழியில் பச்சையும் நீலமும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். ஆனால் மஞ்சளும் பச்சையும் கலக்கிற பகுதியில், ஆங்கிலத்தில் இல்லாத ஓர் எல்லைக்கோடு அவர்களுக்கு உண்டு. ஒரு நிற அட்டையைக் காட்டி, மறைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து இரண்டு அட்டைகளை நீட்டி, "முதலில் பார்த்தது எது?" என்று கேட்டார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் பச்சை, நீல எல்லையில் தெளிவாகச் சொன்னார்கள், பெரின்மோ எல்லையில் தடுமாறினார்கள். பெரின்மோ மக்கள் அப்படியே நேர்மாறு. ஆக, எந்தக் கண்ணும் குறைந்த கண் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அட்டை மறைந்துவிட்டது, அதாவது அங்கே நினைவும் வேலை செய்கிறது.

அந்த வீடியோ எனக்கு ஏன் உறுத்துகிறது என்றால், அது ஒரு பழைய கதையின் மறுபதிப்பு. 1858இல் கிளாட்ஸ்டன், பிற்பாடு பிரிட்டனின் பிரதமரானவர், ஹோமரின் காவியங்களில் நிறச் சொற்களைத் தேடிப் பார்த்தார். அங்கே கடல் மதுவின் நிறத்தில் இருந்தது. வானத்தை ஹோமர் நீலம் என்று சொல்லவே இல்லை. உடனே, பழங்காலக் கிரேக்கர்களின் நிற உணர்வு முழுதாக வளரவில்லை என்று எழுதிவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இந்த "வளராத கண்" என்ற எண்ணத்தைத் தங்கள் காலத்தில் உயிரோடிருந்த மக்கள் மேலேயே ஏற்றினார்கள். அகராதியைப் புரட்டி ஒரு மக்களின் கண்ணை அளப்பது பெரிய அநியாயம். அந்த வீடியோவைப் பகிர்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். ஆனாலும் பகிராதீர்கள்.

அப்படியானால் மொழியால் ஒன்றுமே ஆகாதா? ஆகும். ரஷ்ய மொழியில் வெளிர் நீலத்துக்கு "கலுபோய்", அடர் நீலத்துக்கு "ஸீனிய்" என்று இரண்டு தனி நிறப் பெயர்கள். நமக்கு வெளிர் நீலமும் ஒரு நீலம்தான். அவர்களுக்கு இந்த இரண்டும் வேறு வேறு நிறங்கள். 2007இல் வெளியான ஒரு சோதனையில் திரையில் மூன்று நீலச் சதுரங்கள். மேலே ஒன்று, கீழே இரண்டு. கீழே இருப்பதில் எது மேலே இருப்பதோடு ஒத்துப்போகிறது? எல்லாமே கண் முன்னால் இருக்கிறது, நினைவில் வைக்க ஒன்றுமில்லை, பொத்தானை அழுத்த வேண்டியதுதான். கீழே இருக்கும் இரண்டு நீலங்களும் கலுபோய் ஒன்று, ஸீனிய் ஒன்று என்று எல்லையின் இரு பக்கமும் விழுந்தபோது ரஷ்ய மொழிக்காரர்கள் வேகமாக அழுத்தினார்கள். இரண்டும் ஒரே பக்கம் விழுந்தபோது அந்த வேகம் இல்லை. ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் இப்படி ஒரு வித்தியாசமே இல்லை.

இதன் அடுத்த பகுதிதான் முக்கியம். எட்டு இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, அதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே சதுரங்களைப் பார்க்கச் சொன்னார்கள். ரஷ்ய மொழிக்காரர்களின் அந்தக் கூடுதல் வேகம் போய்விட்டது. எண்ணுக்குப் பதிலாகக் கட்டங்களால் ஆன ஒரு வடிவத்தை நினைவில் வைக்கச் சொன்னபோது வேகம் அப்படியே இருந்தது. நாம் வாயைத் திறக்காவிட்டாலும் உள்ளுக்குள் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது, அது கண்ணுக்கு ஒத்தாசைக்கு வருகிறது. மனசுக்குள் பேசுகிற நாக்குக்கு வேறு வேலை கொடுத்துவிட்டால் ஒத்தாசை நின்றுபோகிறது. பெயர் கண்ணையே மாற்றி அமைத்திருந்தால், ஓர் எண்ணை முணுமுணுத்ததும் அது எப்படிக் கலைந்துபோகும்? மொழி பார்வையைத் தொடுகிறது, ஆனால் அந்தந்த நேரத்தில், லேசாக, நொடிக்குள் அடங்கும் அளவில் தொடுகிறது. இதுதான் என் கட்சி.

கேள்வி: என் கணவருக்குப் பச்சையாகத் தெரிகிற புடவை எனக்கு நீலமாகத் தெரிகிறது. யாருக்குக் கண் கோளாறு?

பெரும்பாலும் ரெண்டு பேருக்கும் இல்லை. உலகில் எழுத்து வடிவம் இல்லாத 110 மொழிகள் பேசுகிறவர்களிடம் 330 நிற அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். "இந்தப் பெயருக்கு மிகப் பொருத்தமான அட்டை எது?" என்று கேட்டபோது மொழி தாண்டியும் பதில்கள் பக்கம் பக்கமாகவே விழுந்தன. சண்டை எல்லாம் எல்லையில்தான். எல்லை ஆளுக்கு ஆள் கொஞ்சம் தள்ளி இருக்கும், ஒரே வீட்டில்கூட. பச்சையும் நீலமும் சந்திக்கிற இடத்தில் உங்கள் புடவை இருக்கிறது, அவ்வளவுதான்.

2015இல் இணையத்தையே இரண்டாக்கிய அந்த உடைப் படம், அதாவது நீலம் கறுப்பா, வெள்ளை பொன்னிறமா என்று எல்லோரும் அடித்துக்கொண்டது, இது வேறு கதை. அதில் பெயருக்குப் பங்கு இல்லை. உடை மேல் விழுகிற வெளிச்சம் எப்படிப்பட்டது என்று மூளை ஆளுக்கு ஒரு விதமாக ஊகித்து, அந்த வெளிச்சத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை நிறமாகக் காட்டியது.

கேள்வி: மங்கிய வெளிச்சத்தில் தூரத்தில் யாரோ நிற்கிறார் என்று நெஞ்சு திக்கென்றது. கிட்டப் போனால் வெட்டிய மரக்கட்டை. அந்த நொடியில் நான் உண்மையிலேயே ஆளைப் பார்த்தேனா, பார்த்ததாக நினைத்தேனா?

ரொம்பப் பழைய தடுமாற்றம் இது. தமிழ் இலக்கண உரையாசிரியர்கள் ஐயத்துக்கு எடுத்துக்காட்டு தேடியபோது இதே காட்சியைத்தான் எடுத்தார்கள்: "குற்றியோ மகனோ?" குற்றி என்றால் மரக்கட்டை. உயர்திணையா அஃறிணையா என்று தெளியாதபோது "தோன்றுகிற உரு" என்று பொதுவாகச் சொல்லலாம் என வழியும் காட்டினார்கள். மனசு இன்னும் முடிவெடுக்காத அந்த இடைவெளிக்கும் இலக்கணத்தில் இடம் கொடுத்தார்களே என்று இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பார்வை அவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. மங்கிய வெளிச்சத்தில் கூம்பு செல்கள் ஓய்ந்து, நுணுக்கம் காட்டத் தெரியாத கோல் செல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. வருகிற தகவல் கொஞ்சம். மூளை தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் வகைகளில் ஒன்றை எடுத்துப் பொருத்தி ஓட்டையை அடைக்கிறது. விழித்திரையிலிருந்து போகும் தகவல் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் நின்று போகும் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்த இடத்துக்குக் கண்ணிலிருந்து வரும் இணைப்புகளைவிட, மேலே மூளைப் புறணியிலிருந்து இறங்கி வரும் இணைப்புகள்தான் அதிகம்.

வகுப்பில் நான் தவறாமல் காட்டுகிற படம் ஒன்று உண்டு. கார்ல் டாலன்பாக் என்ற உளவியலாளர் 1951இல் வெளியிட்டது. கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். தேசப்படம் என்பார்கள், பழுதான நகல் என்பார்கள், தாடிக்காரர் என்று ஒருவராவது சொல்வார். சில நிமிடங்கள் அப்படியே விடுவேன். அப்புறம் "பசு" என்று மட்டும் சொல்வேன். அறையில் ஒவ்வொருவராக "ஆ" என்பார்கள். இடது பக்கம் நேராக நம்மைப் பார்க்கிற முகம், கறுத்த காதுகள், கீழே கறுத்த மூக்கு. பெயரைக் கேட்ட பிறகும் சிலருக்கு வராது, காதை விரலால் சுற்றிக் காட்டினால்தான் வரும். வந்தபிறகு யாராலும் அதைப் பழையபடி வெறும் திட்டுகளாகப் பார்க்க முடியாது. காகிதத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. எது பசுவின் உடம்பு, எது பின்னணி என்கிற பிரிவினை மாறிவிட்டது. இதைப் "பார்த்ததாக நினைத்தேன்" என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் அந்த நொடியில் ஆளைத்தான் பார்த்தீர்கள்.

கேள்வி: அப்படியானால் இது எப்படி? இரண்டு கோடுகளும் சமம் என்று அளந்தே பார்த்துவிட்டேன். ஆனாலும் முனையில் அம்புக்குறி உள்நோக்கி மடங்கியது குட்டையாகத்தான் தெரிகிறது. மனசு சொல்வதைக் கண் கேட்கவில்லையே!

1889இல் முல்லர் லையர் என்பவர் கொடுத்த கோடுகள்: நீளம் ஒன்றுதான், ஒன்றின் முனைச் சிறகுகள் உள்நோக்கி மடங்கியிருக்கும், மற்றதில் வெளிநோக்கி விரிந்திருக்கும். உங்கள் கேள்வி சரியான இடத்தில் இடிக்கிறது. நமக்குத் தெரிந்தது எல்லாம் பார்வைக்குள் நுழைய முடியாது. திட்டுகள் போல இரண்டு மூன்று விதமாகப் பொருள் கொள்ள இடம் இருக்கும் படத்தில், எதைத் தேடுவது என்று வகை வழிகாட்டும். இந்தக் கோடுகளிலோ கண்ணுக்குச் சந்தேகமே இல்லை. அதனால் நீங்கள் அளந்து சொன்னதை அது காதில் போட்டுக்கொள்வதில்லை.

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. அச்சு அசலாக வரைய ஆசைப்படுகிறாள். ஆனால் முகம் வரைந்தால் கண்ணைக் கொண்டுபோய் உச்சியில் வைக்கிறாள். "பார்த்து வரை" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அவள் பார்த்துத்தான் வரைகிறாள் அம்மா, திட்டாதீர்கள். ஓர் அளவுகோலை எடுத்து உங்கள் முகத்தையே கண்ணாடியில் அளந்து பாருங்கள். உச்சந்தலை முதல் தாடை வரை அளந்தால் கண்கள் ஏறக்குறைய நட்ட நடுவில் இருக்கும். பெரியவர்களும் இதை நம்ப மாட்டார்கள். கண், மூக்கு, வாய் என்று பெயரும் வேலையும் உள்ளவை எல்லாம் முகத்தின் கீழ்ப்பாதியில் நெருக்கியிருக்கின்றன. அவற்றுக்கு மேலே நெற்றியும் தலையும்தான், வரைகிற கை அதைச் சுருக்கிவிடுகிறது. கண் என்றால் பாதாம் வடிவம், நடுவில் ஒரு வட்டம் என்று மனசில் ஒரு சின்னம் ஊறிப்போயிருக்கிறது. எதிரே இருப்பவரின் கண்ணில் மேல் இமை பாதிக் கருவிழியை மூடியிருந்தாலும் கை அந்தச் சின்னத்தையே போடும்.

ஒன்று செய்து பாருங்கள். கோட்டோவியமாக வரைந்த ஒரு முகத்தைத் தலைகீழாக வைத்து, அப்படியே தலைகீழாக நகலெடுக்கச் சொல்லுங்கள். "இது மூக்கு" என்று அவள் சொல்லிக்கொள்ள வேண்டாம். "இந்தக் கோடு இங்கே வளைந்து, அந்த விளிம்பைத் தொடுகிறது" என்று மட்டும் பார்க்கட்டும். முடித்ததும் நிமிர்த்திப் பார்த்தால் அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே இருக்கிற பெயரில்லாத இடைவெளிகளை வரையச் சொல்வதும் நல்ல பயிற்சி.

பெயர் கையை எப்படி இழுக்கும் என்பதை 1932இல் கார்மைக்கேல், ஹோகன், வால்டர் மூவரும் காட்டினார்கள். இரண்டு வட்டங்கள், நடுவில் இணைக்கும் சிறு கோடு. ஒரு குழுவுக்கு "மூக்குக்கண்ணாடி" என்று சொல்லி இதைக் காட்டினார்கள், இன்னொரு குழுவுக்கு "டம்பெல்" என்று சொல்லி. இப்படிப் பன்னிரண்டு படங்கள். பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னபோது, முதல் குழுவில் நடுக்கோடு மூக்கில் உட்காருகிற வளைவாக மாறியது; இரண்டாம் குழுவில் கனத்த கம்பியானது. என் மாணவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடிக் குழுவில் ஒரு பெண் காதில் மாட்டும் கம்பியையே சேர்த்து வரைந்துவிட்டு, அது மூலப்படத்தில் இருந்தது என்று அடித்துச் சொன்னாள்.

ஆனால் இங்கேயும் நிதானம் வேண்டும். 1954இல் பிரென்டிஸ் என்ற ஆய்வாளர் வரையச் சொல்லாமல், பல படங்களைக் காட்டி "நீங்கள் பார்த்தது எது?" என்று மட்டும் கேட்டார். பெயரின் இழுப்பு தென்படவில்லை. ஆக, பெயர் கெடுத்தது பார்வையை அல்ல, திரும்ப வரைகிற வேலையை என்று கொள்ள இடம் இருக்கிறது. உங்கள் மகள் விஷயத்தில் இது நல்ல சேதி. அவள் கண்ணில் குறை இல்லை.

கேள்வி: இந்த ஆராய்ச்சிகளில் பாதி, "எப்படித் தெரிகிறது" என்று கேட்டு, வாயால் வந்த பதிலை எழுதிக்கொள்வதுதானே? சொல்வது மாறினால் பார்ப்பது மாறிவிட்டது என்று எப்படி நம்புவது?

இந்தச் சந்தேகம் எல்லோருக்கும் வரவேண்டும். அமெரிக்காவில் சாஸ் ஃபயர்ஸ்டோன், பிரையன் ஷோல் என்ற இருவர் இதையே பெரிய கேள்வியாக எழுப்பினார்கள். எண்ணமும் மொழியும் பார்வையை மாற்றுகின்றன என்ற ஆய்வுகளை வரிசையாகப் பரிசோதித்து, ஒன்றுகூடத் தேறவில்லை என்று 2016இல் எழுதினார்கள்.

அவர்கள் வைத்த தர்க்கம் அழகானது. எல் கிரேக்கோ என்ற ஓவியர் மனிதர்களை நீள நீளமாக வரைந்தார். அவர் கண்ணில் கோளாறு, உலகமே அவருக்கு நீண்டு தெரிந்திருக்கும் என்று ஒரு விளக்கம் இருந்தது. யோசித்துப் பாருங்கள்: உலகம் நீண்டு தெரிந்தால், அவர் வரைந்த துணியும் அதில் உள்ள உருவமும் அவருக்கு நீண்டுதானே தெரியும்? இரண்டும் கழிந்து, படம் நமக்குச் சாதாரணமாகவே வந்திருக்க வேண்டும்.

இதை ஓர் ஆய்வின் மேல் போட்டுப் பார்த்தார்கள். தாங்கள் செய்த தவறான காரியத்தை நினைத்துப் பார்த்தவர்களுக்கு அறை இருட்டாகத் தெரிந்தது என்று 2012இல் ஓர் ஆய்வு வந்திருந்தது. அதில் வெளிச்சத்துக்கு எண்ணால் மதிப்பெண் போட்டிருந்தார்கள். இவர்கள் எண்ணை எடுத்துவிட்டு, சாம்பல் நிறத் துண்டுகளை வைத்து, "அறை எந்தத் துண்டு அளவுக்கு வெளிச்சமாக இருக்கிறது?" என்று கேட்டார்கள். உண்மையிலேயே எல்லாம் இருண்டு தெரிந்தால் துண்டுகளும் சேர்ந்து இருண்டு தெரிய வேண்டும். வித்தியாசம் காணாமல் போக வேண்டும். போகவில்லை. அப்படியானால் இருண்டது பார்வை இல்லை, மதிப்பீடு.

நான் அவர்களோடு முக்கால் வழி போவேன். மிச்சக் கால்வழியில் என்னை நிறுத்துவது 2013இல் கேரி லூப்பியன், எமிலி வார்டு இருவரும் வெளியிட்ட சோதனை. ஒரு கண்ணுக்கு வேகமாக மின்னி மாறுகிற கோலங்களைக் காட்டினால், மற்றக் கண்ணுக்குக் காட்டுகிற மங்கலான படம் மனசுக்கு எட்டாமல் அமுங்கிவிடும். அந்தப் படத்தின் பெயரை முன்கூட்டியே காதில் சொன்னபோது, "ஏதோ இருக்கிறது" என்று கண்டுபிடிப்பது கூடியது. தவறான பெயர் சொன்னபோது குறைந்தது. என்ன படம் என்று அவர்கள் கேட்கவில்லை, இருக்கிறதா இல்லையா என்றுதான் கேட்டார்கள். இது வெறும் வாய்ப்பேச்சு என்று என்னால் தள்ள முடியவில்லை.

கேள்வி: பேச ஆரம்பிக்காத குழந்தைக்கு நிறங்கள் தனித்தனியாகத் தெரியுமா?

தெரியும். 4 முதல் 6 மாதக் குழந்தைகளிடம் சோதித்து 2017இல் முடிவு வந்தது. ஒரே நிறத்தைத் திரும்பத் திரும்பக் காட்டி, பிறகு புதிதாக ஒன்றைக் காட்டி, குழந்தை எதை அதிக நேரம் பார்க்கிறது என்று கவனிப்பார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று ஐந்து பிரிவுகள் தென்பட்டன. ஒரு சொல்லும் கற்காத வயசு. மொழி வந்து சிலவற்றைச் சேர்க்கும், சிலவற்றைப் பிரிக்கும். வெற்றுப் பலகையில் எழுதுவதில்லை.

கேள்வி: நானே தட்டச்சு செய்த கட்டுரையில் இருக்கும் பிழை என் கண்ணுக்கு மட்டும் படுவதே இல்லை. அடுத்தவர் பார்த்ததும் சொல்லிவிடுகிறார். ஏன்?

என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கு முன்பே தெரியும், அதனால்தான். 1949இல் புரூனர், போஸ்ட்மன் இருவரும் சீட்டுகளை நொடியில் சிறு பங்கு நேரமே காட்டிச் சோதித்தார்கள். நடுவில் சிவப்பு ஸ்பேடு, கறுப்பு ஹார்ட்டின் என்று நிறம் மாற்றிய சீட்டுகள். சாதாரணச் சீட்டை அடையாளம் காணச் சராசரியாக 28 மில்லிநொடி போதுமாக இருந்தது. நிறம் மாறியதற்கு 114 தேவைப்பட்டது. சிவப்பு ஸ்பேடைச் சிலர் பழுப்பு என்றார்கள், ஊதா என்றார்கள்.

பயிற்சி உள்ளவர்களும் தப்புவதில்லை. 2013இல் நுரையீரல் ஸ்கேனில் கட்டிகளைத் தேடிக்கொண்டிருந்த 24 கதிரியக்க மருத்துவர்களிடம், படத்துக்குள் ஒரு கொரில்லா உருவத்தை வைத்துக் காட்டினார்கள். சராசரிக் கட்டியைப்போல் 48 மடங்கு பெரிது. 20 பேர் பார்க்கவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் பார்வை அந்த இடத்தின் மேலேயே விழுந்ததைக் கண்ணசைவுக் கருவி பதிவு செய்திருந்தது. தேடியது கட்டியை, கொரில்லா அந்த வகைக்குள் வரவில்லை.

உங்கள் கட்டுரைக்கு வருவோம். எழுத்துருவை மாற்றுங்கள், அளவைப் பெரிதாக்குங்கள், முடிந்தால் அச்செடுங்கள். கடைசி வாக்கியத்திலிருந்து ஒவ்வொன்றாக மேலே ஏறிப் படித்தால் கருத்து உங்களை இழுத்துக்கொண்டு போகாது. ஒற்றுப் பிழைகளை மட்டும் தேடி ஒரு முறை, பெயர்களையும் எண்களையும் மட்டும் தேடி இன்னொரு முறை படியுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் பிடித்துவிடலாம் என்று உட்காராதீர்கள்.